இலைக் கணக்கு

"அண்ணா, ஒரு பொம்பள ரச அண்டாவோட வுழுந்துட்டா. இடுப்புக்குக் கீழ அப்படியே வெந்து கீது. இன்னா பண்ணட்டும்?"

போனில் பேசியவன் வெற்றிவேல். கேளம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் மொத்தமாகச் சமைத்து, கேட்டரிங்காரர்களுக்குக் கைமாற்றிக் கொடுப்பவன். மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தவர் கேசவன். 'கேசவன் கேட்டரிங்' என்று தன் பெயரிலேயே தொழில் செய்பவர். தாம்பரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் பின்கட்டில் நின்றிருந்தார். உள்ளே தாலி கட்டியாகிவிட்டது. பந்தி எப்போது என்று மாப்பிள்ளையின் சித்தப்பா மறுபடி மறுபடி வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ. என்னாண்ட எதுக்குடா கேக்குற?"

"வண்டி ஒண்ணுதாண்ணா கீது. அதுல சாப்பாடு ஏத்தியாச்சு. ஆம்புலன்சுக்குச் சொல்லிக் கீறோம். அதுவரைக்கும் காக்கணுமா, இல்ல சாப்பாட்ட எறக்கிட்டு அவள ஏத்தட்டுமா? நீங்க சொல்றதுதான்."

கேசவன் மண்டப வாசலைப் பார்த்தார். சித்தப்பா மறுபடி வந்துகொண்டிருந்தார்.

"அது உன் ஆளு, வெற்றி. உன் ஆள நீ பாத்துக்கோ. சாப்பாடு மொதல்ல வரட்டும். கல்யாண வண்டில அந்த மாதிரி ஒருத்திய ஏத்துவாங்களாடா?"

விழுந்தவளின் பெயரைக் கேசவன் கேட்கவில்லை. அந்த ஏற்பாட்டின் சௌகரியமே அதுதான்.

முன்பெல்லாம் சேலையூரில் அவர் வீட்டுப் பின்புறமே சமையல் நடந்தது. மனைவி சந்திரிகா மேற்பார்வை. அடுப்படி ஜெயக்கொடியுடையது. அவளுக்குக் கீழே மூன்று பெண்கள். யார் சமையல் என்று கேட்பவர்களிடம் கேசவன், "எங்க வூட்டுப் பொம்பளைங்கதான் சார்" என்பார். ஏரிக்கு அப்பாலுள்ள காலனியிலிருந்து வரும் ஜெயக்கொடியின் கை அது என்று யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் ஊர்க்காரர்கள் இலையில் உட்கார மாட்டார்கள். சாப்பாடு வண்டியேறியதும் ஜெயக்கொடி கரண்டியைச் சந்திரிகாவிடம் கொடுத்துவிட்டு அடுப்படியிலேயே தங்கிவிடுவாள். பட்டுப்புடவையோடு சந்திரிகா மண்டபத்துக்குப் போவாள். இதில் ஏதும் தப்பிருப்பதாகச் சந்திரிகாவுக்கும் தோன்றியதில்லை.

பிறகு வெற்றிவேல் வந்தான். மளிகை, கேஸ், ஆள் எல்லாம் சேர்த்து இலைக்கு இவ்வளவு என்றான். கேசவனுக்கு ஆகும் செலவில் அது பாதிதான். "தலைவலியே கிடையாதுண்ணா. ஆளுங்க என் பொறுப்பு. லீவு, தீபாவளி போனஸ், கையில சுட்டுக்கிச்சு கால்ல சுட்டுக்கிச்சு, எதுவும் உங்க காதுக்கே வராது." கேசவன் அடுப்பை அணைத்தார். பெண்களிடம், வேலை வந்தால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரிக்கவில்லை. ஒருமுறை சாம்பார் புளித்துப்போய், பேசிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அப்போதும் இலைக் கணக்கு லாபமாகத்தான் தெரிந்தது.

அந்தக் குறைந்த விலைக்கு வெற்றிவேலும் எங்கேயோ குறைக்க வேண்டியிருந்தது. அண்டா தூக்கும் ஆண்களை நிறுத்தினான். ஈரத் தரையில் இரண்டு பெண்கள் சாக்கைச் சுற்றிப் பிடித்து, கொதிக்கிற அண்டாவை இறக்கினார்கள்.

அன்றைக்கு அப்படி இறக்கும்போது விழுந்தவளை மற்றப் பெண்கள் வாழையிலையில் கிடத்தப் போனார்கள். வெற்றிவேல் பதறிப்போய் ஓடிவந்தான்.

"ஐயோ, அது தலைவாழ எல! பந்திக்குக் கொறஞ்சிடும். அந்தக் கிழிஞ்ச எலையப் போடுங்க!"

கிழிந்த இலைகளில் கிடத்தினார்கள். "எம்பொண்ணு அனுகிட்ட சொல்லிடாதீங்கடீ, வேலைக்குப் போயிருக்கா" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சாப்பாட்டு வண்டி அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனது. வேறு வேறு கேட்டரிங்காரர்களின் பெயரில் சமைக்கிற அந்தக் கொட்டகைக்குச் சொந்தமாகப் பெயரோ பலகையோ கிடையாது. ஆம்புலன்ஸ் கூட்ரோட்டில் நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு பெண்கள் அவளை ஸ்கூட்டியில் நடுவே உட்காரவைத்து ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவள் கத்தினாள்.

மண்டபத்தில் முதல் பந்தி முடிந்தது. ரசம் இல்லாததை மோரை ஊற்றிச் சமாளித்தார்கள். வத்தக்குழம்பை மட்டும் எல்லோரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். சந்திரிகா ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். வெந்தயத்தைக் கருகப்போகிற நொடி வரைக்கும் விட்டு, கருகாமல் எடுத்த அந்த ருசி அவளுக்குத் தெரியும்.

"ஏங்க, இது ஜெயக்கொடி வெச்ச கொழம்பு."

"சும்மா இரு. எவளோ வெச்சது."

"ரசம் ஏன் வரல?"

"அண்டா கவுந்துடுச்சாம். எவளோ ஒருத்தி வுழுந்துட்டாளாம்."

"எவ?"

"கேக்கல."

"கேக்கலயா?"

சந்திரிகா அவர் சட்டைப்பையிலிருந்து போனைப் பிடுங்கி வெற்றிவேலைக் கூப்பிட்டாள். "உங்காண்ட முன்ன வேல செஞ்ச அந்த ஜெயக்கொடிதான்க்கா" என்றான் அவன். "அண்ணனுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

அதே நேரம் மேடையில் சித்தப்பா மைக்கைப் பிடித்திருந்தார். "ரசத்தை மறந்தாலும் கொழம்புல தூக்கிட்டாருய்யா! சமையல் மாஸ்டரைக் கூப்பிடுங்க, சால்வை போடணும்!" கேசவன் பரிமாறுகிற துளசிங்கத்தின் முதுகில் கைவைத்து மேடைக்குத் தள்ளினார். சுடுதண்ணி கூட வைக்கத் தெரியாத துளசிங்கம் சால்வையைக் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டான். எல்லோரும் கைதட்டினார்கள். சந்திரிகா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தாள்.

ஜெயக்கொடி மறுநாள் விடியும் முன் இறந்தாள்.

அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் ஒரு ஏட்டு விவரம் எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் கூலிக்கு வந்தவள் என்று வெற்றிவேல் சொல்லியிருந்தான். காசு கொடுத்துச் சாப்பாடு வாங்குகிறவன் நான், சமைக்கிறவர்களைத் தெரியாது என்று கேசவன் சொல்லியிருந்தார். இரண்டையும் எழுதி முடித்த ஏட்டு, சுவரில் சாய்ந்து நின்ற ஜெயக்கொடியின் மகள் அனுப்பிரியாவைப் பார்த்தார். அவள் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை பார்ப்பவள்.

"அப்ப உங்கம்மா யார்கிட்டதாம்மா வேல செஞ்சாங்க? யாருமே அவங்க ஆளு இல்லன்றாங்களே?"

"எங்ககிட்ட" என்றாள் சந்திரிகா.

கேசவன் திரும்பினார். "ஏய், இன்னா பேசுற?"

"கேட்டரிங் ஆரம்பிச்ச நாள்லேந்து எங்க வூட்டு அடுப்பு அவங்க கையில சார். நேத்து கல்யாணத்துக்கு வெச்சதும் அவங்கதான். சாப்பாடு மொதல்ல வரட்டும்னு போன்ல சொன்னது இதோ நிக்கிறாரே, என் வூட்டுக்காரர். வெற்றிவேலே என்னாண்ட சொன்னான். எழுதிக்கோங்க."

"பைத்தியமாடி நீ? தொழிலே போயிடும்!"

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கேஸ் இவர் மேலயும் வரும்."

"வரட்டும் சார்."

சந்திரிகா அனுப்பிரியாவின் கையைப் பிடிக்கப் போனாள். அனுப்பிரியா கையை இழுத்துக்கொண்டாள். அவள் அழவில்லை.

"எங்கம்மாதான் சமைக்கிறாங்கன்னு வெளியாளு ஒருத்தர்கிட்ட நீங்க சொல்றது இன்னிக்குத்தானேக்கா?"

ஏட்டு குனிந்து, இறந்தவளின் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். அனுப்பிரியா அவர் பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினாள்.