மூன்றுக்கு எத்தனை பல்

…இருபத்து மூன்றுதான், இன்று தேதி இருபத்து மூன்று, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை, இன்ஸாஃப் அப்லா, அப்லா என்றால் இங்கே டீச்சர், தன் காரின் பானெட் மேல் படிவத்தை விரித்து வைத்து அதைத்தான் எழுதினார், அரபு இலக்கத்தில், ஒரு குச்சி, அதன் தலையில் தட்டையாக ஒரு தொப்பி, அது இரண்டு, பக்கத்தில் இன்னொரு குச்சி, அதன் தலையில் இரண்டு பல், அது மூன்று… இரண்டே பல். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கைதான் இந்தக் காரின் சேஸிஸ் எண்ணை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தது. ஆறு இலக்கம். ஐந்தாவதாக, இரண்டு பல்லோடு ஓர் இலக்கம். அதை நான் இரண்டு என்று பித்தளைத் தகட்டில் அமிலம் விட்டு அரித்து, பள்ளத்தில் கறுப்பு எனாமல் ஊற்றி, மேலே வார்னிஷ் அடித்து, போன வியாழக்கிழமை டேஷ்போர்டில் நான்கு திருகாணி போட்டு முடுக்கியும் விட்டேன். முடுக்கிவிட்டு இரண்டடி பின்னால் நின்று ரசித்தேன் வேறு. கார் அறுபத்து நான்கில் பிறந்தது, தகடும் அறுபத்து நான்கில் பிறந்தது போலவே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கிறது, மறுக்கவில்லை. வேறு ஏதோ ஒரு காரின் தகடு போல இருக்கிறது.

அரபு அச்சில் மூன்றுக்கு மூன்று பல், இரண்டுக்கு இரண்டு பல், எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும், இதைவிட நேர்மையான எழுத்து உலகத்தில் கிடையாது. சிரியாவில், எங்கள் அலெப்போவில், நாங்கள் கையால் எழுதினாலும் பல்லைக் குறைக்க மாட்டோம். கெய்ரோக்காரன் கையில் பேனா வந்தால் மட்டும் மூன்றுக்கு ஒரு பல் விழுந்துவிடும், அந்த அவமானத்தில் இரண்டு எல்லாப் பல்லையும் கழற்றி வைத்துவிட்டுத் தொப்பி போட்டுக்கொள்ளும். இது எனக்குத் தெரியாதா? பதிமூன்று வயதில் இங்கே வந்த முதல் வாரமே தக்காளிக் கடையில் முப்பதை இருபது என்று படித்து, கடைக்காரர் என்னைத் திருடன் என்று சொல்லி, அம்மா நடுத்தெருவில் அழுது, எல்லாம் ஆகிவிட்டதே. அதற்கப்புறம் பதினோரு வருஷம் கடைத்தெருவில் என் கண் கெய்ரோக் கண்தான். வேலை மேஜையில் உட்கார்ந்ததும் மட்டும் அது அலெப்போக் கண்ணாகிவிடும் போலிருக்கிறது… ஏனென்றால் மேஜையில் நான் படிப்பதில்லை, பார்ப்பதுதான். படிக்காதே, பார், இது என் தொழிலின் ஒரே விதி, நானே எனக்கு வகுத்துக்கொண்டது, சுவரில் எழுதிக்கூட ஒட்டியிருக்கிறேன். பழைய தகட்டில் ஒரு புள்ளி சாய்ந்திருந்தால் சாய்த்தே செய், கீழ்க்கோடு தடித்திருந்தால் தடித்தே செய், அர்த்தம் பார்த்தால் கை திருத்தத் தொடங்கிவிடும், திருத்தினால் அது நகல் இல்லை. அதே வருஷத்துக் கார் ஒன்றின் தகட்டைப் படம் பிடித்து வந்து, கறுப்பு எவ்வளவு மின்ன வேண்டும் என்று ஒன்பது நாள் யோசித்தேன். திருகாணியின் தலைக்கோடு ஒற்றையாக இருக்க வேண்டும் என்று நாலு கடைத்தெரு அலைந்தேன். எண்ணுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தேன்? சீட்டில் இரண்டு பல், படத்தில் இரண்டு பல் உள்ள உருவம் எது, அதோ அது, எடு, வை. நாலு நொடி இருக்கும்.

வாகனச் சோதனை நிலையத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு கோழி வண்டி, அதற்கு முன்னால் ஒரு மைக்ரோபஸ், அவ்வளவுதான் வரிசை. சோதனை போடுகிற மெக்கானிக், உஸ்தா ஸக்லூல், மைக்ரோபஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார், வெளியே கால் மட்டும் தெரிந்தது. காலைப் பார்த்தால் கடுமையான ஆளாகத் தெரியவில்லை. ஆனால் அவர் தலைக்கு மேலே சுவரில் எழுதியிருந்தது, பழைய தகடு அழிந்திருந்தால் புதுத் தகடு பொருத்தலாம், எண் மட்டும் காரின் சேஸிஸ் சட்டத்தில் குத்திய எண்ணோடு ஒத்திருக்க வேண்டும், ஒத்திராவிட்டால் போலி, போலிக்கு வழக்கு. நல்ல பெரிய எழுத்து, நல்ல இடைவெளி, இரண்டுக்கு இரண்டு பல், மூன்றுக்கு மூன்று பல். வழக்கு என்றால் யார் மேல்? கார் அப்லாவுடையது, தகடு என்னுடையது, தகட்டின் பின்பக்கம் நான் பெருமையாக என் பெயரின் முதலெழுத்தைக்கூடக் குத்தி வைத்திருக்கிறேன். உள்ளூர்க்காரன் போலித் தகடு அடித்தால் அவனுக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கிற தங்கும் அட்டையை வைத்துக்கொண்டு ஒரு சிரியாக்காரன் அடித்தால்… அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, தம்பி, உங்க ஊர் இப்ப எப்படி இருக்குன்னு நீயே போய்ப் பாத்துட்டு வா என்பார்கள். வணிகவியல் மூன்றாம் ஆண்டை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருப்பவன் நான். மூன்று, இரண்டு. என் வாழ்க்கையில் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ பழைய பகை.

“டேய் கியாத், ஏன்டா முகம் வெளிறிக் கெடக்கு, காலையில சாப்பிட்டியா இல்லையா?” என்றார் அப்லா. சாப்பிட்டேன் என்றேன். “பொய். ஃபூல் பயறு சாப்பிட்டவன் மூஞ்சி இப்படி இருக்காது.” முப்பத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றும் மூஞ்சிக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தவில்லை. சொல்லிவிடலாமா? இப்போதே, இங்கேயே, அப்லா, உங்க மூணை நான் ரெண்டாக்கிட்டேன். சொன்னால் வரிசையை விட்டு விலகுவோம், நாலு நாளில் புதுத் தகடு செய்வேன், நாலு நாள் கழித்து இந்தக் கார் பழைய இரும்பு. ஏனென்றால் உரிமம் செத்துப்போன வண்டிக்கு உயிர் கொடுக்க அரசாங்கம் விட்ட தவணையில் இன்றுதான் கடைசி நாள், மதியம் இரண்டு மணி வரை. மூன்று வருஷம் ஓய்வூதியத்தைக் கொட்டி இதைத் தேற்றியிருக்கிறார், மருமகன், வீட்டுக்குள்ள ஒரு பல்லு போன ஒட்டகத்தைக் கட்டி வச்சிருக்காங்க என்று ஊரெல்லாம் சொல்கிறானாம், இன்றைக்கு அதிலேயே போய் அவன் வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதைக் கெடுக்கச் சொல்கிறது நேர்மை. கெடுக்காதே என்கிறது இரக்கம். இரக்கமா அது, தங்கும் அட்டையா? நல்ல கேள்வி, பதிலை அப்புறம் எழுதிக்கொள்ளலாம், மைக்ரோபஸ் போய்விட்டது.

அப்லா, தகட்டுல தூசி, ஒரு துடை துடைச்சிட்டு வரேன், உங்க பேனாவைக் குடுங்க. தூசி துடைக்கப் பேனா எதற்கு என்று அவர் கேட்கவில்லை, கொடுத்தார். கேட்காதது எனக்கு அப்போது அதிர்ஷ்டமாகத் தோன்றியது. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன், எதிரே என் தகடு, நாலு, ஏழு, சைபர், எட்டு, இரண்டு, ஐந்து. ஒரு பல் போதும், ஒரு மில்லிமீட்டர் கறுப்பு, உயிர் பிழைக்க அவ்வளவு போதும். பேனாவைத் திறந்தால் நீலம். ஏன் இந்த நாட்டில் கணக்கு டீச்சர்கள் கறுப்பில் எழுதுவதில்லை… நீலமானாலும் பரவாயில்லை என்று வைத்தேன், மை ஒட்டவில்லை, வழுக்கி ஒரு சின்ன முத்தாகத் திரண்டு நின்றது, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தவன் யார், நான்தான், நாற்பது வருஷம் எதுவும் ஒட்டாது அப்லா என்று சத்தியம் செய்தவனும் நான்தான். விரலால் துடைத்தேன். துடைக்கும்போது வெட்கம் கெட்ட ஒரு நிம்மதி வந்தது, நல்லவேளை ஒட்டவில்லை, அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் நீலப் பல் எவ்வளவு அசிங்கமாக இருந்திருக்கும்… நாடு கடத்தப்போகிறார்கள், இவனுக்கு நிறம் பொருந்தவில்லையாம்.

கண்ணாடியில் டொக் டொக். உஸ்தா ஸக்லூல், இப்போது முழு உருவம், மீசையில் கிரீஸ். “எறங்கு பாஷா, வண்டியை அவங்க ஓட்டட்டும், நீ என்ன மாப்பிள்ளையா?” இறங்கினேன். தகடு இவன் செஞ்சதுதான் என்று அப்லா பெருமையாகச் சொன்னார். நான் வாய் திறந்து வணக்கம் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது, பதினோரு வருஷமாக என் வாய் மட்டும் அலெப்போவை விட்டு வரவில்லை. “சிரியாவா? ஷவர்மா கடை போடாம நீ மட்டும் ஏன்டா தகடு அடிக்க வந்த? கறியில கலப்படம் ஈஸி, தகட்டுல கஷ்டமாச்சே.” கோழி வண்டிக்காரர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன், பல் எத்தனை தெரிந்தது என்று தெரியவில்லை. அவர் பானெட்டைத் திறந்து, சட்டத்தில் குத்தியிருந்த எண் மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார், சாம்பல் நிறம் பரவப் பரவ நடுவில் வெள்ளையாக இலக்கங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன, நாலு, ஏழு, சைபர், எட்டு… அடுத்தது மூன்று பல்லோடு, எந்தக் குறையும் இல்லாமல், வாய் நிறைய. அப்லா சந்தேகமே இல்லாமல் சரியாகத்தான் எழுதியிருந்தார். எனக்கு அதுவரை ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது போலிருக்கிறது, சட்டத்திலேயே இரண்டாக இருந்துவிட்டால் என்று. அதுவும் போயிற்று.

தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவர் ஜன்னல் வழியே தலையை உள்ளே விட்டார். தகட்டைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். “என்னடா இது, கண்ணாடி மாதிரி மினுக்கி வச்சிருக்க, வெயில் நேரா கண்ணுக்குள்ள அடிக்குது, ஒரு எழவும் தெரியல. நீ படி, நான் டிக் போடுறேன்.” அந்தப் பக்கத்து ஜன்னலில் அப்லா குனிந்து நின்றார், கண்ணாடி கழுத்துக் கயிற்றில் தொங்கியது, போட்டிருக்கவில்லை, அவருக்குத் தகடு ஒன்றரை அடி தூரம். படி என்றால் எதைப் படிப்பது, தகட்டில் இருப்பதையா, தகட்டில் இருந்திருக்க வேண்டியதையா? இருப்பதைப் படித்தால் நான் நேர்மையான போலிக்காரன். இருக்க வேண்டியதைப் படித்தால் சரியான எண்ணைச் சொன்ன பொய்யன். நாலு, என்றேன். பென்சில் தாளைத் தட்டியது. ஏழு. தட்டியது. சைபர். எட்டு. பின்னால் புதிதாக வந்து நின்ற லாரி ஹாரன் அடித்தது, உஸ்தா திரும்பிப் பார்க்காமலே, உங்கப்பன் வீட்டுக் கல்யாணமாடா, இரு, என்றார். நான் ஐந்தாவதைப் பார்த்தேன், குச்சி, பல், பல். மூணு, என்றேன். தட்டியது. அஞ்சு. தட்டியது. “ஒத்துப்போச்சு. மாஷா அல்லாஹ், புதுசு மாதிரியே இல்ல, நல்லா பழசாத்தான் அடிச்சிருக்க.” முத்திரை விழுந்தது. அப்லா படிவத்தை வாங்கி, உஸ்தாவின் கையெழுத்தைச் சரிபார்த்து, தேதி போடலையே என்று அதட்டி, போட வைத்து வாங்கினார்.

வாசலைத் தாண்டினோம். கார் இருமியது, பிறகு ஓடியது. மருமகன் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், அப்லா ஹாரனை இப்போதே இரண்டு தடவை அடித்துச் சரிபார்த்துக்கொண்டார். தகட்டைப் பார்த்தீர்களா என்று அப்லாவிடம் கேட்க வேண்டும், கேட்டால் அது கேள்வி இல்லை, வாக்குமூலம். கடைசியில், அப்லா, தகட்டைக் கழட்டிக் குடுங்க, சின்னதா ஒரு வேலை பாக்கி இருக்கு, ரெண்டு நாள்ல மாட்டிடறேன், என்றேன். சிக்னலில் வண்டியை நிறுத்தினார். கழுத்துக் கயிற்றில் கிடந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினார். தகட்டை நெருங்கிப் பார்த்தார், விடைத்தாளைப் பார்க்கிற அதே முகம், உதடு மட்டும் அசைந்தது. “நாலு லட்சத்து எழுபதாயிரத்து எண்ணூத்தி முப்பத்தஞ்சு. சரியாத்தானே இருக்கு? இதுல என்னடா வேலை பாக்கி?” கண்ணாடியைக் கழற்றினார். முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளின் இரண்டையும் மூன்றையும் பிரித்துப் பிரித்தே கண் தேய்ந்தவர். மனப்பாடத்திலிருந்து சொன்னாரா, மன்னித்துச் சொன்னாரா, இல்லை, அவர் கையில் இரண்டு பல் என்றால் மூன்றுதானே, அது காகிதத்தில் இருந்தால் என்ன, பித்தளையில் இருந்தால் என்ன… அந்த முகத்தில் எதுவும் இல்லை, நான் நன்றாகப் பார்த்தேன், பார்ப்பதுதானே என் தொழில். பச்சை விழுந்தது. அவரை விடு, நீ? ஜன்னலில் குனிந்திருந்தபோது நீ செய்தது என்ன? பொய் சொல்வதற்கு முன்னால் நாக்கு ஒரு கணம் தயங்குமே, அது எனக்குப் பழக்கமான தயக்கம், தங்கும் அட்டை அலுவலகத்தில் ஒவ்வொரு வருஷமும் தயங்கும். அங்கே தயங்கவில்லை. நான்காவது இலக்கத்திலிருந்து ஐந்தாவதற்கு வழுக்கிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் நான் பொய் சொல்லவில்லையோ, படித்தேனோ? திரும்பத் தகட்டைப் பார்த்தேன், மெதுவாக, இலக்கம் இலக்கமாக, ஒரு அலெப்போக்காரன் பார்ப்பது போலப் பார்க்க முயன்றேன். குச்சி, பல், பல். வாய்க்குள் மூணு என்றுதான் வந்தது.