ஜப்பானுக்குக் கட்டிய பிராது

இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் பழமலைநாதர் கோயில் ராஜகோபுரம் என் தலையில் விழட்டும். தினமும் அதன் அடியில்தான் உட்கார்கிறேன். கோபுரத்துக்கு என்னாலான வசதியைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

என் சிநேகிதன் கோதண்டபாணிக்கு வாடகைக் கார்தான் பிழைப்பு. முதலில் வைத்திருந்தது நகோமி என்ற ஜப்பான் கம்பெனி வண்டி. ஒருமுறை பெண்ணாடம் தாண்டியதுமே டீசல் தீர்ந்துவிட்டது. ஏறினவர்களை நடுரோட்டில் இறக்கிவிட வெட்கப்பட்டு, எங்கள் ஊர் ஜங்ஷன் வரை வெறும் டேங்கோடு ஓடி வந்தது அந்த வண்டி. ஹாரன் கரகரக்கிறது என்று ஒரு போஸ்ட் கார்டு போட்டான். நாலாம் நாள் கம்பெனி ஆள் வெள்ளைக் கையுறையோடு சென்னையிலிருந்து வந்து, அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு ஹாரனைக் கேட்டுவிட்டுச் சரிசெய்துகொடுத்தார்.

அந்த நம்பிக்கையில் 2009இல் அதே கம்பெனியில் புதுசு எடுத்தான். இரண்டாம் மாதம், ஆதிலட்சுமியம்மாளின் பீங்கான் பட்டறைக்குள் வண்டி தறிகெட்டுச் சீறியது. வெயிலில் காயவைத்திருந்த எழுநூறு களிமண் யானைகள் அப்பளமாயின. வண்டியில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். கோதண்டபாணி முதலில் இறங்கி, "ஆக்சிலேட்டர் மாட்டிக்கிச்சும்மா" என்றான்.

ஆதிலட்சுமியம்மாள் யானைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மாதாமாதம் தன் தாயாரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவன் வண்டியில்தான் அனுப்புவார்.

"யானய வுடுங்க, மண்ணுதான, பெசஞ்சிக்கலாம். எங்கம்மாவ எப்பிடி இனிமே ஒங்கள நம்பி ஏத்துறது? ஒங்க மேல தப்பு இல்லன்னு கம்பெனிக்காரன் ஒரு சீட்டு எழுதிக் குடுக்கட்டும், ஏத்துறேன்."

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த வாரம் அவன் வண்டியில் ஏறியது ஈ மட்டும்தான். முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டி ஒரு கோழியைக்கூட அடித்தறியாதவன். அந்தச் சீட்டை வாங்காமல் விடுவதில்லை என்று சவரத்தை நிறுத்திவிட்டான்.

கம்பெனி சர்வீஸ் மேனேஜர் ராஜ்மோகன் வண்டியைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

"சிஸ்டத்துல ஒண்ணும் காட்டலைங்க ஐயா. பிரேக்குன்னு நெனச்சி ஆக்சிலேட்டர மிதிச்சிருப்பீங்க. வயசாவுதுல்ல?"

"எது எதுன்னு என் காலுக்குத் தெரியும் தம்பி."

பிறகு போன். ஒவ்வொரு தடவையும் வேறொரு பெண் எடுத்து வண்டியின் நிறத்தைக் கேட்டு, பதினாலு இலக்கத்தில் ஒரு புகார் எண் கொடுத்தாள். அவனும் தினம் பேசினான். அவன் மனைவி பாஞ்சாலை என்னிடம், "கல்யாணமாயி இத்தினி வருஷத்துல எங்கிட்ட இவ்ளோ நேரம் பேசுனதில்லண்ணே இந்த மனுஷன்" என்றாள்.

எங்கும் தீராததை நாங்கள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராதாக எழுதிக் கட்டுவோம். தொண்ணூறு நாளில் சாமி தீர்த்துவைக்கும். தீர்ந்ததும் போய்க் கையெழுத்துப் போட்டுப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும்; அதற்கு ராஜினாமா என்று பெயர். காகிதத்தில் நம் வீட்டிலிருந்து கோயில் எவ்வளவு தூரம் என்று எழுத வேண்டும். கோதண்டபாணி 'ஆறாயிரத்து ஐநூறு கிலோமீட்டர்' என்று எழுதினான். கோயிலில் பிராது வாங்கும் தங்கதுரை கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னாங்க இது? ஒங்க வூட்லேர்ந்து மூணு கிலோமீட்டர்தான?"

"நாந்தான் வந்துட்டனே. இட்டார வேண்டியவன் ஜப்பான்ல இல்ல இருக்கான்?"

"அவ்ளோ தூரம் சாமி போவணுமா?"

"மயிலு சும்மாதான நிக்குது."

எண்பத்தொன்பதாம் நாள் காலை, கோதண்டபாணி வீட்டு வாசலில் ஒரு ஜப்பான் கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒகினோ என்று பெயர், கம்பெனியின் பெரிய இன்ஜினியர். பின்னால் ராஜ்மோகன் வியர்த்துக்கொண்டிருந்தார். ஒகினோ நாலு மணி நேரம் பெடலுக்கடியில் தலையை நுழைத்துக் கிடந்தார். வெளியே வந்து குனிந்தவர் நிமிரவே இல்லை. இடுப்பு பிடித்துக்கொண்டதென்று பாஞ்சாலை தைலத்தோடு ஓடி வந்தாள். குனிந்தபடியே அவர் பேசியதை ராஜ்மோகன் தமிழில் சொன்னார்.

"முன்னல்லாம் ஹாரன் கரகரத்தாகூட எங்க காதுல வுழும். அப்பறம் ரொம்ப வண்டி வித்துட்டோம், காது கேக்காம பூடுச்சின்னு சொல்றாரு."

பெடலில் ஒரு தலைமுடி அளவு பிசகாம். அந்த வருஷத்து வண்டி இரண்டு லட்சத்தையும் திரும்ப அழைத்தார்கள். ஓட்டுநர் மேல் குற்றமில்லை என்று ஒகினோ எழுதி, சிவப்பு முத்திரை வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். ஆதிலட்சுமியம்மாள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, உள்ளே போய்த் தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பின் சீட்டில் உட்காரவைத்தார்.

மறுநாள் ராஜினாமா செய்யக் கோயிலுக்குப் போனோம். வண்டியை நிறுத்தியதும் நானும் இறங்கினேன்.

"நீ உள்ள வராத."

"ஏன்டா?"

"சாமி இருக்குது."

அவன் மட்டும் போனான். கட்டியிருந்த ஆயிரம் காகிதங்கள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. நடுவில் அவன், கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவன், போடாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான்.

யானைகள் மேல் வண்டியை ஏற்றியது லைசென்ஸ் இல்லாத நான்.