உட்கார்ந்தவர் வீடு

பூவிழி தவளக்குப்பத்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒரு சொல்லை வேரோடு பிடுங்கிக் காட்டாவிட்டால் அவளுக்குப் பாடம் நடத்திய திருப்தியே வராது. அந்த வாரம் ‘பொசெஸ்’ மாட்டியது. சொந்தமாக வைத்திருப்பது என்று பொருள். லத்தீன் வேரைத் தோண்டினால், அதிகாரத்தோடு உட்காருவது. பேய் பிடிப்பதற்கும் ஆங்கிலேயன் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறான்.

“பட்டாவெல்லாம் அப்புறம் வந்ததுடா. மொதல்ல உட்கார்ந்தவன்தான் ஓனர்” என்று சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாள்.

வீட்டில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரான்சுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பழைய வீட்டை அவள் கணவன் பிரேம்குமார் அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தான். ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்கத் தோன்றியதா அந்த மனுஷனுக்கு? பால் காய்ச்சுவதற்கு முன்பே, கூடத்தின் நடுவில் கிடந்த நாற்காலியில் “நம்ம வீடு” என்று ஜம்மென்று உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவனை எழுப்புவதே பெரும்பாடாகிவிட்டது. முதலில் வேலைக்கு லீவு போட்டான். பிறகு சாப்பாடும் அங்கேயே. பிறகு சாப்பாடும் இல்லை.

டாக்டர் வந்து பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுமாம். இங்கே ஊர்ப் பிடாரி அசையவில்லை, ஒண்ட வந்தவனைப் பிடித்துக்கொண்டது.

பெரிய மார்க்கெட்டில் வண்டி இழுக்கும் கொளஞ்சியை அழைத்து வந்து நாற்காலியைத் தூக்கிப் போகச் சொன்னாள். பிரேம்குமார் தடுக்கவில்லை. நாற்காலி கிடந்த அதே இடத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டான். பூவிழி அவன் எதிரே போய்க் குனிந்தாள்.

“எழுந்திருங்க. அரியாங்குப்பத்துல வாடகை வீடே நமக்குப் போதும்.”

“நா எழுந்தா எடம் காலியாயிடும். வுட மாட்டேங்குது, பூவி.”

அவன் கண்ணில் நீர் வழிந்தது. அந்தக் கண் மட்டும்தான் இன்னும் அவனுடையதாக இருந்தது. அதுவும் போய்விட்டால் இவன் தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அப்ப நா குந்துறேன். நீங்க எழுந்திருங்க.”

கையைப் பிடித்து இழுத்தாள். அவன் எழுந்ததும் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். தரை சுட்டது.

பிரேம்குமார் தடுமாறி வாசல்வரை போய்த் திரும்பினான். முகம் பழையபடி அவன் முகமாகியிருந்தது.

“பூவி, வா, ஓடிடலாம்!” என்று கையை நீட்டினான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாருங்க நீங்க? என் வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?”