வெள்ளை டின், கறுப்பு டின்

"அறுபத்தெட்டு. இதுவும் அறுபத்தெட்டு" என்றாள் தசமம். வயது கேட்டால்கூடப் பத்தொன்பது புள்ளி நாலு என்று சொல்லுகிற இயற்பியல் மாணவி அவள்; அதனால் வந்த பட்டப்பெயர். மேசையில் இரண்டு தகர டின்கள், இரண்டிலும் கால் மணி நேரத்துக்கு முன் ஒரே சூட்டில் ஊற்றிய வெந்நீர், மூடித் துளைகளில் தெர்மாமீட்டர்கள். ஒரு டின் வெள்ளை, இன்னொன்று கறுப்பு. அவளோடு சேர்ந்து இதைச் செய்த டிசைன் மாணவி மூன்று வாரம் தேய்த்து, பூசி, காயவைத்து, மறுபடி தேய்த்து எடுத்த பூச்சு. விரல் வைத்தால் வழுக்கும். பதினொரு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்து எது சீக்கிரம் ஆறுகிறது என்று செய்து பார்ப்பார்கள். கூடவே டிசைன் ஆசிரியர் வந்து பூச்சுக்கு மதிப்பெண் போடுவார். போன தடவை டிசைன் மாணவி அதில்தான் தோற்றாள். இந்த முறையும் தோற்றால் ஒரு வருடம் போச்சு.

"கறுப்பு சீக்கிரம் ஆறும்னு நீதானடி சொன்னே?"

"கறுப்பும் வெறும் தகரமும்னு சொன்னேன். நீ தகரத்து மேல வெள்ளை அடிச்சு வெச்சிருக்க. சூட்டுக்கு என்ன கண்ணா இருக்கு, கலர் பாக்க? அதுக்கு பெயின்ட்னா பெயின்ட்தான். பளபளன்னு இருக்குற வெறும் தகரம்தான் சூட்டைச் சீக்கிரம் வெளிய விடாது."

"வெறும் தகரம் அசிங்கமா இருந்துச்சு."

"இருந்துட்டுப் போகட்டுமே!"

மணி பத்து இருபது. தசமம் குரலைத் தாழ்த்தினாள். "கறுப்புல ஒரு டம்ளர் கம்மியா ஊத்திடலாம். தண்ணி கம்மின்னா சீக்கிரம் ஆறும். யாருக்குத் தெரியப்போவுது?"

"புள்ளி நாலு சொல்ற வாயா இது?"

"உனக்காகத்தான்டி சொல்றேன்."

"ஊத்தப்போறதே பசங்கதான். அளவு கோப்பையில சிவப்புக் கோடு போட்டதே நான்தானே."

டிசைன் மாணவி வெள்ளை டின்னின் நீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அதை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தூரிகை போன தடம்கூட இல்லை. ஜன்னலைத் திறந்தாள். பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்தாள். முதல் இழுப்பில் பூச்சு சுருங்கியது. அடுத்ததில் ஆடைபோலக் கழன்று வந்தது.

"மொத்தமுமாடி?"

"அரைகுறையா எடுத்தா இன்னும் அசிங்கம்."

பதினொன்றரைக்குப் பிள்ளைகள் மேசையை மொய்த்திருந்தார்கள். "கறுப்பு அறுபத்தொண்ணு! தகரம் அறுபத்தஞ்சு!" என்று ஒரு சிறுமி கத்தினாள். "அறுபத்தஞ்சு புள்ளி மூணு" என்று திருத்தினாள் தசமம்.

ஆசிரியர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு குனிந்தார். டிசைன் மாணவி தின்னர் வாடை அடிக்கும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தகரத்தில் அவர் முகம் வளைந்து நீண்டு தெரிந்தது. அதற்குக் கீழே, அடி விளிம்பில், நகக்கண் அளவுக்கு வெள்ளை இன்னும் ஒட்டியிருந்தது.