எட்டுக் கண்ணாடிக் கற்கள்

தெம்பாயானை உடைக்காமல் வெளியே எடுக்க முடியாது என்று கொத்தனார் மருதமுத்து சொன்னார். அந்தப் பெரிய தண்ணீர்ச் சாடியை உள்ளே வைத்த பிறகுதான் குளியலறைக்குச் சுவர் எழுப்பியிருக்க வேண்டும். கதவு அதைவிடக் குறுகல். சம்மட்டியால் மூன்று அடி அடித்தார். நான்காவது அடியில் வயிறு பிளந்து, அடியில் தங்கியிருந்த தண்ணீர் சிவகாமியின் கால்வரை ஓடி வந்தது. மூன்று வருஷமாக அவள் நிரப்பிய சாடி.

மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு கடைவீட்டின் மாடி அது. முன்னால் ஓர் அறை, நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் ஆறடிக்கு ஐந்தடியில் இந்தக் குளியலறை. சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போனதில் அவன் மேசை, ஆபீஸில் கிராணியாகக் கணக்கெழுதிய சிவகாமியின் புருஷன் கருணாகரனுக்குக் கிடைத்தது. துரையின் பங்களாவில் விட்டுப்போன சாமான்களைக் குறித்து வரப் போனவன், அங்கிருந்த குளியலறையைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் வேறெதுவும் பேசவில்லை. மார்பளவுக்கு ரோஸ் நிற ஓடு. தரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடி மொசேக். உட்காரும் பீங்கான், மேலே சங்கிலி இழுக்கும் தொட்டி. பத்திரிகையில் வந்திருந்த அதே மாதிரிப் படமொன்றைக் கத்தரித்து அடுப்படிச் சுவரில் ஒட்டி, மருதமுத்துவை வரவழைத்தான்.

"இப்பல்லாம் பாத்ரூமுக்கு ஜன்னல் வைக்கிறதில்ல, கண்ணாடிக்கல்லுதான். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது" என்றான்.

பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் சிவகாமி. அவளுக்குக் குளியல் என்றால் கூலி லயத்துப் பொதுக்குழாய். பால் மரத்து வேலை முடிந்து, சாரோங்கை மார்போடு முடிந்துகொண்டு பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இங்கே கீழே இறங்கக்கூட அவளுக்கு அனுமதியில்லை. மார்க்கெட்டுக்கும் கருணாகரன்தான் போவான். அவளுக்கு என்று இருந்தது குளியலறையின் பலகை ஜன்னல் ஒன்றுதான். அதைத் திறந்தால் பின்சந்து. சந்துக்கு அந்தப்பக்கம் கைநீட்டும் தூரத்தில் கோகிலாவின் அடுப்படி ஜன்னல்.

கோகிலா மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். சாமிக்குப் பெயர் தமிழில், சண்டைக்குப் பேச்சு மலாயில். அவளைச் சிவகாமி மலாய் முறைப்படி, அக்கா என்ற பொருளில், 'காக்கா' என்று கூப்பிடுவாள். குயில் என்று பெயர் வைத்தவளைத் தமிழில் என்னவென்று கூப்பிடுகிறோம் என்று ஒருநாள் சிவகாமி இறக்கையடித்துக் காட்டியபோது கோகிலா கரண்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். பச்சை மிளகாயும் சம்பாலும் சந்துக்கு மேலாகக் கைமாறும். படியில் கருணாகரனின் சப்பாத்துக் காலடி கேட்டதும் சிவகாமி, "தூத்துப், காக்கா!" என்பாள். மூடு என்று அர்த்தம். அந்த ஊரில் ஜன்னலை மூடவும், குழாயை அடைக்கவும், விளக்கை அணைக்கவும், கடையை ஒரேயடியாகச் சாத்தவும் அந்த ஒரு சொல்தான். இரண்டு ஜன்னலும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளும்.

இரண்டு மாதத்துக்கு முன் கருணாகரன் காதில் இந்தப் பேச்சு விழுந்துவிட்டது. "சந்தப் பாத்துக் கத்துறது தோட்டத்துப் புத்தி. இன்னொரு தரம் கேட்டுச்சு, அங்கயே போயிடு" என்றான். அங்கே அண்ணனுக்கு ஒரே அறை, ஐந்து பிள்ளைகள்.

ஓடு ஒட்டி முடித்த அன்று காலை, கிளம்பும்போது கருணாகரன் தாராளமாக இருந்தான்.

"ஜன்னல வச்சுக்கறதா, கல்லு வச்சு அடைக்கறதா, நீயே சொல்லு சிவகாமி. குளிக்கப்போறவ நீ. சுதந்திர நாடாச்சே! மத்தியானம் சாப்பிட வருவேன், மருதமுத்துக்கிட்ட என் முன்னாலயே சொல்லிடு."

அவன் போனதும் மருதமுத்து சாந்தைக் குழைத்தபடி, முகத்தைப் பார்க்காமல் பேசினார். சந்துப் பேச்சைக் கேட்க மூன்று நாளாக அவருக்கும் காது இருந்தது.

"ஈரம் காயாட்டி சுவரு பூத்துப்போகும், ஜன்னல் இருக்கட்டும்னு சொல்லு தங்கச்சி. நானும் ஆமாம்பேன். கொத்தனார் சொன்னா கிராணியாரு கேப்பாரு."

சிவகாமி அந்த வாக்கியத்தைக் கத்தரிக்காய் நறுக்கும்போது சொல்லிப் பார்த்தாள். ஈரம் காயணும்ங்க, ஜன்னல் இருக்கட்டும். உலையில் அரிசி போடும்போது சொன்னாள். குரல் நடுங்காமல் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவனிடம் கேட்கப்போகும் முதல் பொருள் அது.

பன்னிரண்டுகூட ஆகவில்லை. எதிர் ஜன்னல் படாரென்று திறந்தது. "சிவா! சூடா மாசாக்?" சமைச்சாச்சா என்று கோகிலா கேட்டாள். பதில் சொல்லச் சிவகாமி குளியலறைக்குள் காலை வைத்தபோதே படியில் சப்பாத்து. இவ்வளவு சீக்கிரமா? நாக்கு அவளைக் கேட்கவில்லை.

"தூத்துப்! தூத்துப்!"

எதிர் ஜன்னல் மூடிக்கொண்டது. இவள் கை ஜன்னல் பலகைக்குப் போவதற்குள் கருணாகரன் வாசலில் நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டீங்களா மருதமுத்து? நான் ஒண்ணும் சொல்லல. அவளே அடைக்கச் சொல்லிட்டா. அதுவும் ரெண்டு தடவ!"

மருதமுத்து சாந்துக் கரண்டியோடு நின்றார். "ஈரம் காயணுமேன்னு..." என்று இழுத்தார். பிறகு அவளைப் பார்த்தே கேட்டார். "ம்மா, நீங்க என்கிட்டயா சொன்னீங்க?"

கருணாகரன் உரக்கச் சிரித்தான். "பின்ன, வேற யாருகிட்ட சொல்லுவா?"

வேடிக்கையாகத்தான் கேட்டான். ஆனாலும் அவன் கண் ஜன்னலுக்குப் போய், எதிரே மூடியிருந்த பலகையைத் தொட்டுவிட்டு, அவளிடம் திரும்பியது. சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் நகரவில்லை.

"உங்ககிட்டதான் அண்ணே" என்றாள் சிவகாமி.

நாலு மணிக்குள் மருதமுத்து பலகையைப் பெயர்த்துவிட்டு எட்டுக் கற்களை வைத்து முடித்தார். கடைசிக் கல்லை அழுத்தும்போது, "சாந்து இறுக ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் கல்லு கையோட வரும்" என்றார். அதை அவளிடம்தான் சொன்னார். அவள் அடுப்படியில் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கருணாகரனின் நண்பர்கள் வந்து பார்த்தார்கள். சங்கிலியை ஆளுக்கொரு தரம் இழுத்தார்கள். சாந்து இறுகிய பிறகு, வெள்ளிக்கிழமை அவள் குளிக்க நுழைந்தாள். ரோஸ் ஓடுகளில் வேர்த்து, கோடுகோடாக நீர் இறங்கியது. வெளியே எதிர் ஜன்னல் பலகை திறக்கும் சத்தம், தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் வந்தது. அவள் குழாயை அடைத்தாள்.

எட்டுக் கண்ணாடியிலும் பச்சைக் கெபாயாச் சட்டை போட்ட கோகிலா நின்றாள். எட்டுச் சின்னக் கோகிலாக்கள், ஒருத்திக்கும் முகமில்லை. ஏதோ ஒன்று எட்டு முறை உயர்ந்தது, கரண்டியாக இருக்கலாம். சிவகாமி ஈரக் கையை ஒரு கல்லில் வைத்து அழுத்தினாள். அந்த ஒன்று மட்டும் மறைந்தது. மற்ற ஏழிலும் பச்சை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, யாரும் 'தூத்துப்' சொல்லாமலே, ஏழிலும் ஒன்றாகப் பலகை நிறம் வந்தது.