சீசாவின் டொத்தோரே

இத்தாலியில், சீசா என்ற நகர்ப்பகுதியில், லிஃப்ட் இல்லாத கட்டடமொன்றின் மேல்மாடியில் தனியாக இருந்த கிழவர் சால்வத்தோரேயைப் பார்த்துக்கொள்வதுதான் மகேந்திரராசாவின் வேலை. குளிக்க வார்ப்பார், பாஸ்தா அவிப்பார், பின்னேரத்தில் கையைப் பிடித்து பாருக்குக் கூட்டிப்போவார். அங்கே கிழவரின் பழைய கூட்டாளிகள் எழுந்து, "டொத்தோரே" என்று கதிரை கொடுப்பார்கள். இத்தாலிய மொழியில் வைத்தியரை அப்படித்தான் கூப்பிடுவது. வீட்டு மேசை லாச்சிக்குள் ஒரு ஸ்டெதஸ்கோப்பும் கிடந்தது. மகேந்திரராசாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அவருடைய மனைவி ஞானம்பிகைக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கேட்டால், அடுத்த வருடம் வரச் சொன்னார்கள்.

"கையிலை ஒரு டொக்டரை வச்சுக்கொண்டு ஏன் காத்திருக்கவேணும்? வாரும், காட்டுவம்," என்றார் மகேந்திரராசா.

கிழவர் முதலில் மறுத்தார். "நான் தொழிலை விட்டு எவ்வளவோ காலம்."

"சும்மா ஒரு தடவை வைத்துப் பாருங்கள், டொத்தோரே."

ஞானம்பிகை கைகூப்பினாள். கிழவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடினார். வலக்கை விரல்கள் காற்றில் எதையோ மெல்லத் திருகின. "ஒரு சத்தமும் இல்லை," என்றார் கடைசியில். "உள்ளே எல்லாம் அமைதி."

ஞானம்பிகைக்கு அன்றே படபடப்பு நின்றுவிட்டது. கைராசிக்காரர் என்று கோயிலில் சொன்னாள். அடுத்த ஞாயிறு, அதைக் கோயிலில் கேட்டிருந்த ரதி முழங்கால் வலியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் படி நிறைய ஆட்கள். கிழவர் சவரம் செய்து, சட்டை மாற்றிக் காத்திருந்தார். முழங்காலிலும் ஸ்டெதஸ்கோப்பைத்தான் வைத்தார்.

ஜெனோவாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய கிழவரின் மகள் லோரா, படியில் நின்ற வரிசையைக் கண்டு திகைத்தாள்.

"எல்லாரும் டொத்தோரேயிடம் நோய் காட்ட வந்தவர்கள்," என்றார் மகேந்திரராசா பெருமையாக.

லோரா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பாவா வைத்தியர்? அது பழைய கள்ளர் பாஷை, ராசா. பெட்டகத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, சத்தம் கேட்டே பூட்டைத் திறக்கிறவனைத்தான் அவர்கள் டொத்தோரே என்பார்கள். என் சின்ன வயது முழுக்க அவர் சிறையில் இருந்தார்."

மகேந்திரராசா வரிசையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். "என் மனைவியின் நெஞ்சில் உண்மையில் என்ன கேட்டது?"

"ஒன்றுமே கேட்கவில்லை என்றுதானே சொன்னேன்," என்றார் கிழவர். "மெல்லிய சத்தம் கேட்கிற காது போனதால்தான் தொழிலையே விட்டேன்."

"அதை ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"பொலீஸ்காரன் இல்லாமல் என் வீட்டுக்கு இத்தனை பேர் வந்தது இதுதான் முதல்தரம்," என்றார் கிழவர். சொல்லும்போது அவருக்கு முகம் சிவந்தது.

மறுநாளே மகேந்திரராசா மனைவியைத் தனியார் வைத்தியரிடம் கூட்டிப்போனார். பிரஷர் கூட என்று குளிசை எழுதிக்கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். திரும்பும் வழியில், வியா மக்வேதா தெருவில், ஞானம்பிகை வாய் திறந்தாள்.

"அந்த மனிசன் பாத்தாப்பிறகு நான் நல்லா நித்திரை கொண்டனான். இந்த டொக்டர்தான் எனக்குப் பிரஷர் வருத்தத்தைத் தந்து அனுப்பியிருக்கிறார்."

மகேந்திரராசா கோயிலில் எல்லோருக்கும் உண்மையைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. டொக்டரைத் தன் குடும்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று ரதி அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.