டெமோ வண்டி

ஷோரூமில் தமயந்திக்கு முதலில் பிடிக்காமல் போனது அந்த வாசனைதான். புது டயர் நாற்றத்தை மறைக்க யாரோ மல்லிகை ஸ்பிரே அடித்திருந்தார்கள். கூக்காலிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, கொடைக்கானலில் மாறி, நாலு மணி நேரம் வளைந்து வளைந்து வத்தலக்குண்டுக்கு இறங்கி வந்தவளுக்கு அந்த இரண்டு வாசனையும் சேர்ந்து தாங்கவில்லை.

அடுத்துப் பிடிக்காமல் போனது விற்பனையாளன் ஆனந்த். அவள் கணவன் முருகவேலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, "அண்ணே, எத்தன ஏக்கர், என்ன வெள்ளாம?" என்று விசாரித்தான். பிறகு தமயந்தி பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க கலர் மட்டும் சொல்லுங்க. செவப்பா, நீலமா?" என்றான்.

முருகவேல் சிரித்தான். அவன் வாரத்தில் நாலு நாள் பிக்அப் வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுகிறவன். பூண்டும் கேரட்டும் போடும் மூன்று ஏக்கரைப் பார்த்துக்கொள்வது தமயந்திதான். கூக்கால் ஏரிக்கு மேலே சரிவில் படிப்படியாக வெட்டிய நிலம். வாடகைக்கு வரும் பெரிய டிராக்டர் மேல் இரண்டு அடுக்கோடு நின்றுவிடும். கீழே உள்ள ஐந்து அடுக்கையும் மண்வெட்டியால் கொத்தித்தான் ஆக வேண்டும். கொத்த ஆள் கிடைப்பதில்லை. இந்த வருடமாவது சின்ன டிராக்டர் ஒன்று எடுத்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்து வந்திருந்தார்கள்.

"அகலம் எவ்வளவு?" என்று கேட்டாள் தமயந்தி.

"எல்லா எடத்துலயும் போகும்க்கா."

"போகுமான்னு கேக்கல. எத்தன அடின்னு கேட்டேன். எங்க காட்டுல பாற ஓரமா நாலடிதான் பாத."

ஆனந்த் கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அகலம் அதில் எங்கே போட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எங்க காட்டுக்கே கொண்டாந்து ஓட்டிக் காட்டுங்க. பெறகு கலரப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

அடுத்த புதன்கிழமை டெமோ வண்டி வந்தது. ஷோரூம் பிக்அப்பின் முதுகில், கழுத்தில் செண்டுமல்லி மாலையோடு, நீல நிறத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதோடு ஆனந்தும், ஞானவேல் என்ற ஐம்பது வயது டிரைவரும் வந்தார்கள். ஞானவேல் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சொன்ன வேலையை மட்டும் செய்தார்.

வேலை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. பின்னால் மாட்டிய ரோட்டவேட்டரின் கத்திகள் சுழன்று கறுப்பு மண்ணைப் பொலபொலவென்று உதிர்த்தன. பாறை ஓரத்தில் தமயந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் அரைச் சாண் மிச்சம் விட்டு வண்டி கீழ் அடுக்கில் இறங்கியது. முருகவேலுக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தியா? நம்ம காட்டுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

தமயந்திக்கும் அப்படித்தான் பட்டது. அவள் மனதுக்குள் அநேகமாக முடிவே செய்துவிட்டாள்.

முருகவேலும் ஆனந்தும் மேலே விலை பேசப் போனார்கள். ஞானவேல் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கத்தியில் சிக்கிய புல்லை எடுத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு இதை மாட்டுவதும் கழற்றுவதும் தன் பாடுதான் என்பதால், எஞ்சினிலிருந்து கத்தியைச் சுழற்றும் இரும்புத் தண்டு எப்படிச் சேர்கிறது என்று தமயந்தி குனிந்து பார்த்தாள். தண்டின் மேல் மூடி எதுவும் இல்லை. மூட்டுச் சேரும் இடத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. கிரீசுக்குள் ஏதோ துணி. துடைக்கிற துணியை மறந்து விட்டிருப்பார்கள் என்று நினைத்து இழுத்தாள். வரவில்லை. கயிறு போல முறுக்கி இறுகியிருந்தது. இன்னும் பலமாக இழுத்ததும் ஒரு முழம் வந்தது. பச்சைக் கட்டம் போட்ட கைலி. மடித்துத் தைத்த ஓரம் வரை தெரிந்தது. கிரீஸ் படாத இடத்தில் துணி மொரமொரப்பாக, காய்ந்த பழுப்பு நிறத்தில் இருந்தது.

அது என்ன நிறம் என்று விளங்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கையை உதறினாள். அந்த வேகத்தில் வளையல் உரசிய இடத்தில் நீலப் பெயிண்ட் சுரண்டிக்கொண்டு, உள்ளே சிவப்புத் தெரிந்தது.

"அண்ணே, இது என்னது?"

ஞானவேல் மேலே ஒரு தடவை பார்த்தார். "விட்ருங்க தாயி."

"சொல்லுங்க. நாளைக்கு இதுகிட்ட நிக்கப்போறது நான்."

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நாலு மாசம் ஆச்சு. பெரும்பாறையில ஒரு காப்பித் தோட்டத்துக்கு டெமோவுக்குப் போனோம். இந்த வண்டிதான். அப்பச் செவப்பு. மணியன்னு தோட்டத்துல வேல பாக்குற பையன், புல்ல எடுக்கக் கிட்டப் போனான். தண்டு சுத்திக்கிட்டு இருந்துச்சு. கைலியப் புடிச்சு இழுத்துருச்சு. நான்தான் எஞ்சின நிறுத்துனேன். நிறுத்துறதுக்குள்ள..." அவர் தன் இடது தொடையில் கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

தமயந்தி போனை எடுத்துத் துணியையும், சுரண்டிய பெயிண்டையும், எஞ்சினில் வெட்டியிருந்த நம்பரையும் படம் பிடித்தாள். பிறகு வாய்க்காலில் கை கழுவினாள். மண்ணைத் தேய்த்து மூன்று தடவை கழுவியும் கிரீஸ் நாற்றம் போகவில்லை.

மேலே போய் ஆனந்திடம் நேராகக் கேட்டாள். "பெரும்பாறையில ஒருத்தரு காலு போன வண்டியா இது?"

ஆனந்தின் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "அது அவன் அஜாக்கிரதக்கா. கைலியக் கட்டிக்கிட்டுக் கிட்டப் போனா? வண்டி மேல ஒரு கொற சொல்ல முடியாது, ஓடுனத நீங்களே பாத்தீங்கள்ல. மனசுக்கு ஒரு மாதிரி இருந்தா, இந்த டெமோ வண்டியவே வெல கொறச்சுத் தர்றோம். நீங்க நம்ம ஆளு."

அவள் வாயைத் திறப்பதற்குள் முருகவேல் கேட்டான். "எவ்வளவு கொறைப்பீங்க?"

தமயந்தி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த முகம். அதில் நிஜமான ஆவல் இருந்தது. ஆனந்த் மேல் வந்த அருவருப்பை அவளால் துப்பிவிட முடியும். இதைத் துப்ப வழி தெரியவில்லை.

"வண்டிய ஏத்திக்கிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முருகவேல், "காலு போனதுக்கு வண்டி என்ன செய்யும்? இரும்புக்குத் தெரியுமா?" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவன் பிசைந்து சாப்பிடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் தனியாகப் பெரும்பாறைக்குப் போனாள். மூன்று பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டைக் கண்டுபிடித்தாள். மணியனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தான். தமயந்தி தான் யார், எதற்கு வந்தாள் என்று சொன்னதும், அவன் மனைவி ரோகிணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"தண்டுக்கு மூடி இருந்துச்சுக்கா" என்றான் மணியன். "கலப்பைய மாத்தி மாத்திக் காட்டணும்னு அந்த ஆனந்து சாருதான் கழட்டி வச்சாரு. வெரசா முடியணும், பெறகு மாட்டிக்கலாம்னாரு. இப்ப நான்தான் கழட்டுனேங்கிறாக."

"ஷோரூம்காரங்க ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோட வந்தாங்க" என்றாள் ரோகிணி. "இவரு மயக்கத்துல கெடக்காரு. ஏதோ பேப்பர்ல இவரு வெரலப் புடிச்சு அமுக்கி ரேகை வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஆப்பிள நான் ஆட்டுக்குப் போட்டேன்."

அவர்களுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு வக்கீல் வழக்குப் போட்டிருக்கிறார். வண்டியைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அதை அப்போதே உடைத்து இரும்புக்குப் போட்டாயிற்று என்று ஷோரூமில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதோடு வழக்கு நகராமல் நிற்கிறது.

தமயந்தி போனை எடுத்துப் படங்களைக் காட்டினாள். மணியன் முதல் படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"தைப்பூசத்துக்கு நடந்து போனப்பப் பழனியில வாங்குனது" என்றான்.

ரோகிணி உள்ளே போய்விட்டாள். பாத்திரம் ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது.

"நான் சாட்சி சொல்றேன்" என்றாள் தமயந்தி. "எங்க வேணும்னாலும் வர்றேன்."

கிளம்பும்போது மணியன் அவளை நிறுத்தினான். "இதுக்காக வண்டி வாங்குறத விட்றாதீங்கக்கா. நல்ல வண்டி இருக்கு. ஓட்டுற ஆளு சீட்ட விட்டு எந்திரிச்சா தண்டு தானா நிக்கணும், அப்படி இருக்கான்னு பாத்து எடுங்க. மூடிய உங்க கண்ணு முன்னால மாட்டச் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரக் கைலியோட ஏறவிடாதீங்க."

அந்த வாரக் கடைசியில், முருகவேல் பூண்டு விதை பிரித்துக்கொண்டிருந்த தமயந்திக்கு எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். படங்களைப் பற்றி ஷோரூமுக்குத் தெரிந்துவிட்டது; ஞானவேல் சொல்லியிருக்க வேண்டும், அல்லது வக்கீல் நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

"ஷோரூம்லருந்து போன் வந்துச்சு. அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிட்டா, புது வண்டியவே பாதி வெலைக்குத் தர்றாங்களாம்."

அவள் பூண்டுப் பல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றான்.

"ஒடனே சொன்னீங்களா, யோசிச்சுச் சொன்னீங்களா?"

"யோசிச்சுத்தான்" என்றான் முருகவேல்.

அவன் பொய் சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். போகவில்லை. ஒரு கூடை பூண்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் பிரிக்கத் தொடங்கினான். அவன் மேல் இருந்த கசப்பு அன்றைக்கே போய்விடவில்லை. சில நாட்கள் திடீரென்று ஏறும், பிறகு இறங்கும்.

டிராக்டரை அவர்கள் திண்டுக்கல்லில் வேறு கடையில் எடுத்தார்கள். தமயந்தியே ஏறி உட்கார்ந்து, தண்டைச் சுழல விட்டு, சீட்டை விட்டு எழுந்து பார்த்தாள். நின்றது. இன்னொரு தடவை எழுந்து பார்த்தாள். கடைக்காரர் சிரிக்காமல் பொறுமையாக நின்றது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த வருடம் ஏழு அடுக்கிலும் பூண்டு போட்டார்கள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் டெமோ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி ஷோரூமுக்குக் கோர்ட் உத்தரவு வந்தது. அடையாளம் காட்டத் திண்டுக்கல் கோர்ட்டுக்குத் தமயந்தியும் முருகவேலும் போனார்கள். மணியன் கட்டைக்கால் வைத்து, ரோகிணி தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். ஞானவேலும் வந்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். ஷோரூமில் அவருக்கு வேலை போய்விட்டிருந்தது. எஞ்சின் நம்பரைத் தமயந்தி போனில் காட்டினாள். அலுவலர் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து எழுதிக்கொண்டார்.

வெளியே வரும்போது வாசலில் ஆனந்த் நின்றுகொண்டிருந்தான். அதே சலவைச் சட்டை, அதே சிரிப்பு.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? கடைசியில வண்டி எங்க எடுத்தீங்க?"

சொந்தக்காரனைப் போலத்தான் கேட்டான். அவன் குரலில் வெட்கமோ பகையோ துளியும் இல்லை. தமயந்திக்கு வாயில் எச்சில் ஊறியது. சாக்கடை ஓரம் போய்க் காறித் துப்பினாள்.

"என்னவாம் அவனுக்கு?" என்று கேட்டான் முருகவேல்.

"ஒண்ணுமில்ல. வெரசா வாங்க, பஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.